வினாக்கொத்தும் இலவச இணையக் கருவிகளும்

வினா எத்தனை வகைப்படும், விடை எத்தனை வகைப்படும் என்பதனை நம் இலக்கண நூலார் வகுத்துக் காட்டியுள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலிற் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரோ எனக் காணும்பொருட்டு வினாவுவது அறிவினா. தான் அறியாததனை அறியும்பொருட்டு வினாவுவது அறியாவினா. இதுவோ அதுவோ என நிற்பது ஐயவினா. ஒன்றைக் கொள்ளவும், கொடுக்கவும், ஏவவும் எழுவன ஏனைய மூன்று. பரீட்சைத் தாளில் ஆசிரியர் கேட்பன யாவும் அறிவினா. மக்களின் நிலையை அறிய வினாக்கொத்தொன்றை ஆக்குவோர் கேட்கவேண்டியன அறியாவினா. இவ்விரண்டும் தம்முள் மயங்குமிடத்தே ஆய்வு பிழைபடத் தொடங்குகின்றது. 'பிள்ளைகள் நாள்தோறும் பாடசாலைக்குச் செல்வது அவசியம் என்பதை ஏற்கிறீர்களா?' என்று கேட்பவர் எதனையும் அறிய முற்படவில்லை. வினாவின் உருவில் ஏவுகின்றார்.

விடையின் பகுப்பு இன்னும் கூர்மையானது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே பொருள் தருவன. ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. 'மகள் நாள்தோறும் பள்ளிக்கூடம் போகிறாளா?' என்று லயத்து வாயிலில் நின்று ஒரு தாயை வினாவினால், 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை வருதல் அரிது. 'மழை பெய்தாற் பாதை வழுக்குமே' என்பாள். 'விடியவே மலைக்குப் போய்விடுகிறேன், யார் அனுப்புவது?' என எதிர்வினாவுவாள். 'போன வாரம் காய்ச்சல்' என உற்றதனை உரைப்பாள். இவையெல்லாம் நிறைவான விடைகளே. ஆயினும் இணையத்தில் இயங்கும் படிவம் கட்டங்களாலாயது; எட்டு விடைகளுள் முதல் மூன்றனையே அது எளிதில் ஏற்கும். ஏனைய ஐந்தும் கட்டத்தின் புறத்தே சிந்திப்போகும்.

இதனை ஈண்டு எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. இறம்பொடை போன்ற மலையகப் பகுதிகளிற் கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் சமூக ஆய்வுகளில் ஈடுபடும் வாய்ப்பு இன்று பெருகியுள்ளது. மாணவர் இடைநடுவிற் கல்வியை விடுவது ஏன், லயங்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகின்றது, உயர்தர வகுப்பில் எப்பாடத்துறையைப் பெற்றோர் விரும்புகின்றனர் என்பன போன்றவற்றை அறிய முன்னாளிற் றோணியோப் படியெடுத்துத் தாள் சுமந்து சென்றனர்; கையாற் கூட்டிக் கணக்கிட்டனர். இன்று ஒருவர் ஓர் இரவில் ஒரு படிவத்தை ஆக்கி, மறுநாட் காலை அதன் இணைப்பை நூற்றுவர்க்கு அனுப்பிவிடலாம், காசும் செலவாவதில்லை. எளிமை மிகுந்த காரணத்தாற் கருவியைத் தெரிவு செய்வதிற் கவனம் குறைந்துவிட்டது. நிறமும் அழகும் நோக்கித் தெரிவோரே பலர். எமது கருத்து வேறு. ஒரு கருவி எவருடைய விடையை ஏற்கும், எவரைப் புறத்தே நிறுத்தும் என்பதே முதற்கண் நோக்கத்தக்கது. ஏனையவெல்லாம் அதற்குப் பின்.

மலையக மக்களுக்குப் படிவம் புதியதன்று, அச்சத்தோடு நினைக்கப்படுவது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பப்பட்டன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அப்போதும் படிவம், அப்போதும் இரண்டு கட்டங்கள். நாடற்றவராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆதலால், கையிற் கருவியோடு மாணவன் ஒருவன் வந்து 'அம்மா, நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?' என்று கேட்கும்போது, வயது முதிர்ந்தவர் முதலில் 'எதற்கப்பா?' என்று கேட்பது அறியாமையால் அன்று.

கட்டத்தின் பெயர் எவ்வளவு செய்யும் என்பதற்கு இலங்கைத் தொகைமதிப்பே சிறந்த சான்று. இந்நாட்டில் நவீன முறையிலான முதலாவது தொகைமதிப்பு 1871இல் நிகழ்ந்தது. தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இருவேறு கட்டங்களிற் பிரித்தெழுதியது 1911ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் 530,983 பேர். மொத்தத்தில் நூற்றுக்கு 12.9 வீதம். 1981இல் 818,656 பேர், 5.5 வீதம். 2012இல் 839,504 பேர், 4.1 வீதம். 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் அக்கட்டத்தில் இடம்பெற்றது. நெடுநாட் கோரிக்கையொன்று நிறைவேறியது. எனினும் அக்கட்டத்திற் சேர்ந்தோர் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேரே, 2.8 வீதம். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர் முந்திய வீழ்ச்சியின் பெரும்பகுதிக்குக் காரணமாவர். 2012இற்குப் பின்னர் அத்தகைய பெருங்குடிபெயர்வு எதுவும் நிகழவில்லை. மக்கள் மறைந்துபோகவில்லை; அவருட் பலர் இலங்கைத் தமிழர் என்னும் கட்டத்திற் சேர்ந்துள்ளனர் என்பதே ஆராய்வோர் பலரின் கருத்து. அது அவர்தம் விருப்பமாயின் எவரும் குறைகூற இயலாது. கேட்பவர் தாமாகவே ஒரு கட்டத்தைத் தெரிந்து குறித்தாராயின், அது வேறு. இவ்விரண்டில் எது எவ்வளவு நிகழ்ந்தது என்பதனை இறுதித் தொகையை மட்டும் நோக்கி அறிய வழியில்லை.

2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்புத் தாளில் அன்றிக் கைக்கணினியிற் பதியப்பட்டது என்பதும் நினைக்கத்தக்கது. கருவி புதியது, இடர் பழையது.

விடையளிப்போர் தொகை பெருகினால் உண்மை தானே வெளிப்படும் என எண்ணுவோர்க்கு அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கூறலாம். அவ்வாண்டுச் சனாதிபதித் தேர்தலின் முடிவை முன்னறிய லிற்றறரி டைஜஸ்ற் என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ற் 48 மாநிலங்களுள் 46இனை வென்றார். அவ்விதழ் முகவரிகளைப் பெரிதும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் திரட்டியது. பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் தொலைபேசியும் வண்டியும் உடையோர் யாவர்? அன்றியும், சீட்டை நிரப்பித் திருப்பியனுப்ப மனங்கொண்டோர் ஒரு சார்பினராயிருந்தனர். அதே தேர்தலில் மிகச் சிறிய தொகையினரைத் தக்கவாறு தெரிந்து வினாவிய ஜோர்ஜ் கலப் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். இதழோ 1938இல் நின்றுபோயிற்று.

தொலைபேசி வைத்திருந்தோரை மட்டும் வினாவிய அப்பிழையை நாம் இன்று வட்ஸ்அப்பிற் செய்கின்றோம். இடைவிலகிய மாணவரைப் பற்றி அறிய விரும்பி, வகுப்புப் பெற்றோர் குழுவில் இணைப்பை இடுவோமாயின், விடை தருவோர் யார்? பிள்ளை இடைவிலகாத பெற்றோர். திறன்பேசி இல்லாதவர், இருந்தும் தரவுக்குப் பணமிடாதவர், வீட்டிலுள்ள ஒரே பேசியைக் கொழும்புக்கு வேலைக்குச் சென்ற மகன் கொண்டுபோன குடும்பத்தவர், குழுவிலிருந்து எப்போதோ நீங்கியவர் ஆகியோர் புறத்தே நிற்பர். எவரை அறிய ஆய்வு தொடங்கிற்றோ அவரே இல்லாத முடிவு வரும். அது வண்ண வட்டப்படமாகவும் வரும். ஆதலால் எவரும் ஐயுறார்.

இனிக் கருவிகளை நோக்குவோம். வட்ஸ்அப் 2022இல் வாக்கெடுப்பு வசதியைத் தந்தது. ஒரு வினா, பன்னிரண்டு வரையிலான தெரிவுகள். சுற்றுலாவை எந்தச் சனிக்கிழமை வைப்பது என அறிய இதனினும் எளியது வேறில்லை. வழக்கமான அமைப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பதைக் குழுவினர் யாவரும் காண்பர் என்பது இதன் இயல்பு. கோயிற் கூட்டத்திற் கையுயர்த்தச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. தலைவரின் கை எப்பக்கம் உயர்கின்றது எனப் பார்த்தபின்னரே பலர் கை உயரும். மனத்திலுள்ளதை மறைவாகச் சொல்ல வேண்டிய எப்பொருளுக்கும் இது ஆகாது.

கூகுள் ஃபோர்ம்ஸ் யாவரும் அறிந்தது. விடைகளின் தொகைக்கு அது குறுகிய வரம்பிடுவதில்லை. விடைகள் தாமாகவே அட்டவணையிற் சேரும். ஒரு விடையைப் பொறுத்து அடுத்த பகுதிக்குத் தாவச் செய்யலாம். தமிழில் முழுமையாக ஆக்கலாம். ஆசிரியரிடையேயும், பல்கலைக்கழகஞ் சென்ற பழைய மாணவரிடையேயும் நடத்தும் ஆய்வுக்கு இதுவே போதும். இரண்டு இடர்கள் உள. ஒருவர் ஒருமுறையே விடையளிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டால், அவர் கூகுள் கணக்கில் உட்புகுந்தாக வேண்டும். கணக்கு இல்லாதவர் நின்றுவிடுவார். கட்டளை இடாவிடின் ஒருவரே பத்துமுறை நிரப்பலாம். இரண்டாவது, இணையத் தொடர்பு அற்ற இடத்தில் அது இயங்காது. நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் நிற்கும் பெருந்தெருவில் அலை கிடைக்கும். மலைமுகட்டைக் கடந்து மேற்பிரிவுக்கு ஏறினாற் பல இடங்களிற் கிடையாது.

மைக்ரோசொப்ட் ஃபோர்ம்ஸும் இதனையொத்ததே. தனியாளின் இலவசக் கணக்கில் ஒரு படிவத்துக்கு 200 விடைகள் வரையே ஏற்கும். சேர்வேமங்கி பழையதும் புகழ்பெற்றதும் ஆகும். இலவசமாகப் பெறுவோர்க்குப் பத்து வினாக்களும், காண்பதற்கு 25 விடைகளுமே. நூறு பேர் விடையளித்த பின்னர் இருபத்தைந்தினைக் காட்டி ஏனையவற்றுக்குப் பணம் கேட்கும் முறை, சந்தையில் மாதிரிக்கு ஒரு துண்டு அன்னாசி கொடுப்பதைப் போன்றது. வணிகர் அவ்வாறு செய்வது பிழையன்று. தெரியாமற் சென்றவர்க்கே இழப்பு. இத்தகைய வரம்புகள் அடிக்கடி மாறுவன. தொடங்குமுன் அந்தந்தத் தளத்திலே பார்த்துக்கொள்ள வேண்டும். லைம்சேர்வே திறந்த மூலத்தது, வரம்பற்றது. ஆயின் அதனைத் தமது சேவையகத்தில் நிறுவிப் பேண வல்லார் ஒருவர் கல்லூரியில் இருத்தல் வேண்டும்.

தோட்டப்புற ஆய்வுக்கு எமது தெரிவு கோபோ டூல்பொக்ஸ். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வு அமைப்பொன்றைச் சார்ந்து, போராலும் பேரிடராலும் நலிந்த மக்களிடையே சென்று வினாவுதற்கென வளர்ந்த கருவி அது. இன்று இலாப நோக்கற்ற நிறுவனமொன்றால் நடத்தப்படுகின்றது. மின்சாரமும் அலையும் இல்லாத இடங்களை எண்ணியே அது அமைந்தது. அன்ட்ரோயிட் பேசியில் அதன் செயலியை நிறுவி, அலை உள்ள இடத்திற் படிவத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால், பின்னர் நாள் முழுவதும் தொடர்பின்றி நிரப்பலாம். மாலையிற் கல்லூரிக்குத் திரும்பியதும் யாவற்றையும் அனுப்பலாம். இலவசத் திட்டத்துக்கும் வரம்புண்டு. ஒரு கல்லூரியின் ஆய்வு அவ்வரம்பைத் தொடுதல் அரிது. ஒரே படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கி, வீட்டாரின் மொழிக்கேற்ப மாற்றிக் காட்டலாம். வயது 150 என்று விரல் தவறி இட்டால் ஏற்காதவாறு தடுக்கலாம். படிவம் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் பதியப்படும். ஆகவே மரநிழலில் அமர்ந்து அரைமணியில் இருபது வீடுகளை 'வினாவிய' மாணவனை ஆசிரியர் எளிதில் இனங்காணலாம். கற்பதற்குச் சிறிது முயற்சி வேண்டும் என்பதே குறை. கணினி வகுப்பில் இரண்டு பாடவேளை போதும்.

இதன் தலையாய நன்மை வேறொன்று. வினாவுபவர் நேரிற் செல்கின்றார். திறன்பேசி அவருடையது, வீட்டாருக்கு அது வேண்டா. எழுத்தறியாத பாட்டியும் விடையளிக்கலாம். நன்னூல் கூறிய எட்டு விடையும் மாணவனின் செவியில் விழும். அவற்றை இழக்காதிருக்க, முதன்மையான ஒவ்வொரு வினாவின் கீழும் 'அவர் சொன்னபடி' என்று ஒரு வெற்றிடம் விடுதல் வேண்டும். 'மழை பெய்தாற் பாதை வழுக்குமே' என்பதை அவ்வாறே எழுதிக்கொள்ளலாம். முப்பது தாய்மார் அதனையே கூறியிருப்பின், ஆய்வு காணவேண்டிய காரணம் வறுமை என்னும் கட்டத்தில் இல்லை, பாதையில் உள்ளது என்பது புலப்படும். அக்காரணத்தை நாம் முன்னரே எண்ணியிருந்தால் அதற்கொரு கட்டம் அமைத்திருப்போம். எண்ணாததனை அறிதற்கன்றோ சென்றோம்.

நேரிற் செல்வதிலும் பிழை நேரலாம். கொழுந்து கொய்யும் வேளையிற் சென்றால் முதியோரும் நோயாளரும் மட்டுமே இருப்பர். மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ, ஞாயிற்றுக்கிழமையிலோ செல்லுதல் தக்கது. முதல் லயத்தோடு களைத்துத் திரும்பாமல், லயம்தோறும் ஐந்தாவது காம்பராவைத் தெரிவது என ஒரு விதியை முன்னரே வகுத்துக்கொண்டால், பாதைக்கு அண்மையிலுள்ளோர் குரல் மட்டும் ஓங்காது.

சொற்களுக்குப் பொருள் வரையறுத்தல் கருவியினும் கடினமானது. 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?' என்னும் வினா எளிதாகத் தோன்றும். ஒரே காம்பராவில் மணமான மகன் தனியடுப்பு மூட்டிச் சமைப்பானாயின் அங்கே குடும்பம் ஒன்றா, இரண்டா? ஒன்றாய்ச் சமைத்துண்போர் ஒரு குடும்பம் என்பது தொகைமதிப்பில் வழங்கும் பொதுவிதி, அதனைக் கைக்கொள்ளலாம். கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்து தீபாவளிக்கு மட்டும் வரும் மகனை எண்ணுவதா? எவ்வாறாயினும் ஆகுக, யாவரும் ஒன்றுபோல எண்ணுதல் வேண்டும். 'தோட்டத்தவர்' என்ற சொல்லும் அத்தகையதே. அரசாங்கப் புள்ளிவிபரத்தில் 20 ஏக்கருக்குக் குறையாததும், பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் அங்கேயே வதிவதுமான பெருந்தோட்டமே தோட்டத்துறை எனக் கொள்ளப்படும். தோட்டத்திற் பிறந்து, தோட்டத்தில் வேலைசெய்து, கடைத்தெருவின் பின்னே ஓர் அறையில் வாழ்பவர் அக்கணக்கில் தோட்டத்தவர் ஆகார்.

இடப்பெயர்கள் தரும் தொல்லையோ தனி. தோட்டத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரொன்று. மக்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் மற்றொன்று. இவ்வூரையே 'இறம்பொடை', 'றம்பொடை', 'ரம்பொடை' என மூவர் மூவகையாக எழுதுவர். கணினி அவற்றை மூன்று ஊர்களாக எண்ணும். ஆதலின் இடப்பெயரை எழுதவிடாது, இரு பெயரும் அடங்கிய பட்டியலிலிருந்து தெரியச் செய்தலே நன்று. எழுத்துருவிலும் கவனம் வேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருவில் தட்டெழுதிய வினாக்களை ஒட்டினாற் படிவத்திற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். யூனிக்கோட்டில் எழுதல் வேண்டும்.

இரகசியம் காத்தல் பற்றி மாணவர் பெரிதும் எண்ணுவதில்லை, எண்ணவேண்டியது அதுவே. சம்பளம், கடன், மது, மேற்பார்வையாளரின் நடத்தை என்பன பற்றிய விடைகள் வெளிப்பட்டால் விடையளித்தவர்க்கே தீங்கு. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு. சட்டம் இல்லாவிடினும் கடமை உண்டு. பெயர் தேவையில்லையாயின் கேட்கவேண்டா. கூகுள் படிவத்தில் மின்னஞ்சலைச் சேர்க்கும் அமைப்பை நிறுத்திவிடலாம். கோபோவில் வீட்டின் புவியிடத்தைத் துல்லியமாகப் பதியும் வசதியுண்டு. பேரிடர் ஆய்வுக்கு அது உதவும், சம்பள ஆய்வுக்கு ஆகாது. பெயரை நீக்கி இடக்குறியை விட்டுவைத்தல், கதவைப் பூட்டித் திறப்பைப் பூட்டிலேயே விடுதல் போன்றது. அட்டவணைகளை வெளியிடும்போதும், ஒரு லயத்தில் ஒருவர் மட்டுமே அடங்கும் பிரிவை வேறொன்றோடு சேர்த்துவிட வேண்டும். 'இந்த லயத்தில் தொண்ணூறு வயதுப் பெண் ஒருவர்' என்று எழுதினாற் பெயர் எழுதியதாகவே முடியும்.

வினாவத் தொடங்குமுன், இது எதற்கு, யார் காண்பர், மறுத்தால் என்னாகும் என்னும் மூன்றனையும் தமிழிற் சொல்லி இசைவு பெறுதல் வேண்டும். அக்கூற்றைப் படிவத்தின் முதற்பக்கமாகவே அமைத்துவிட்டால், மாணவர் யாவரும் அதனை ஒரேவிதமாக வாசிப்பர். அரசாங்கத்திலிருந்து வரவில்லை, கல்லூரியிலிருந்து வந்திருக்கின்றோம் என்பதை முதல் வாக்கியமாக்குக.

இறுதியாக, பதிவுகளை இறக்கும் முறை பற்றி ஒருசொல். சீ.எஸ்.வி. வடிவில் இறக்கிய கோப்பை எக்செலில் நேரே திறந்தால் தமிழெழுத்துகள் பெரும்பாலும் சிதைந்து தோன்றும். கோப்புப் பழுதாயிற்றென அஞ்சி அழித்துவிடலாகாது. எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவில் மீண்டும் இறக்கலாம். அன்றி, உள்வாங்கும்போது யூ.ரி.எஃப்-8 எனக் குறிக்கலாம். ஒரு படி ஆசிரியரின் கணினியிற் கடவுச்சொல்லோடு இருக்கட்டும். மாணவரின் பேசிகளில் உள்ளவை அனுப்பியபின் நீக்கப்படட்டும். முடிவுகளை இரண்டு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிற் படியெடுத்து, வினாவிய லயங்களுக்கே கொண்டுசென்று கொடுத்தல் வேண்டும். பிள்ளைமடுவத்துச் சுவரில் ஒட்டினால் யாவரும் காண்பர். வாசிக்கத் தெரியாதவர்க்கு வாசித்துக் காட்ட அங்கே ஒருவர் எப்போதும் இருப்பார்.